சட்டத்தில் விட்டுப்போன குச்சி

மூன்று மாதம் சந்தா கட்டாவிட்டால் பதிவேட்டில் பேரை அடித்துவிடுவேன். லீவா, ஆஸ்பத்திரியா, அதெல்லாம் எனக்குக் கவலையில்லை. கோவில்பட்டியில் எங்கள் தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்துக்குப் பதினெட்டு வருடமாக நான்தான் செயலாளர். "சட்டம்னா சட்டம்தான்" என்பேன். பெண்கள் சிரிப்பார்கள். அவர்களுக்குச் சட்டம் என்றால் தீக்குச்சி அடுக்கும் மரச்சட்டம்.

"எங்க சட்டத்துல ஒரு குச்சி விட்டுப்போனா பக்கத்துல இருக்கவ சொருகிருவா, மாடக்கண்ணு அண்ணாச்சி. ஒங்க சட்டத்துல அப்படி ஆளு உண்டா?" என்று ஒருமுறை கேட்டவள் இசக்கியம்மாள். வாய்த்துடுக்குக்காரி.

அவள் பிரசவத்துக்குப் போன மூன்று மாதமும் சந்தா வரவில்லை. பேரை அடித்தேன். வேலைக்குத் திரும்பிய நாலாம் நாள் தீப்பெட்டி ஆபீசில் தீப்பிடித்து இறந்துபோனாள். அவள் மாமியார் கைக்குழந்தையோடு வந்து சங்கத்து உதவிப்பணம் கேட்டாள். "பேரே இல்லையே, நான் என்ன செய்ய?" என்று அனுப்பிவிட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே தீயில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கிய உமாதேவிக்கு வலது கை வெந்துபோனது. புதூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய நஷ்டஈட்டு வழக்கைச் சங்கத்து வக்கீல் நடத்தினார். அது உறுப்பினருக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பதினோரு மணிக்கு ஒருத்தி வருவாள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். மேசையில் இருபது ரூபாய் விழும்.

"உமாதேவி சந்தா, அண்ணாச்சி."

ரசீதுப் புத்தகத்தைத் தள்ளுவேன். அடிக்கட்டையில் கையெழுத்துப் போடுவாள். "போறேன்" என்பாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். "ஏட்டி, போறேன்னா சொல்லுவாக? வாரேன்னு சொல்லுட்டி!" என்று நான் தலை நிமிர்வதற்குள் வாசல் காலியாக இருக்கும். ரூபாய் நோட்டில் கருகல் வாடை அடிக்கும். தீப்பெட்டி ஊரில் எதில்தான் அந்த வாடை இல்லை என்று பெட்டியில் போட்டுவிடுவேன்.

ஆறாவது சந்தா வந்த மறுநாள் உமாதேவியே வந்து நின்றாள். கையில் துணி சுற்றியிருந்தது. வந்ததும் அழுதாள்.

"ஆறு மாசமா சந்தா கட்டல அண்ணாச்சி. பேரை அடிச்சிராதிய. கேசு நின்னுபோனா இந்தக் கைய வச்சிக்கிட்டு எப்படிப் பிழைப்பேன்?"

"கூறுகெட்டவளே, நீதான் மாசாமாசம் ஆள் அனுப்புதியே!"

"நான் யாரையும் அனுப்பலையே."

அடிக்கட்டைகளைப் புரட்டிக் காட்டினேன். நானே அப்போதுதான் கையெழுத்தைப் பார்த்தேன். ஆறிலும் கோணல் எழுத்தில் ஒரே பெயர், இசக்கியம்மாள்.

உமாதேவி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்களுக்குள்ள பேச்சு அண்ணாச்சி. ஒருத்தி லீவுன்னா இன்னொருத்தி கட்டணும். பிரசவத்துக்குப் போறப்போ மூணு மாசச் சந்தாவ எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனா. நான் வீட்டுச் செலவுக்கு எடுத்துட்டேன். பெறவு கட்டிக்கிடலாம்னு இருந்தேன். பாவி, அவ பேரை நாந்தான் கெடுத்தேன். எனக்குப் போயி கட்டியிருக்காளே!"

அவளைத் திட்ட வாய் வரவில்லை. அடித்தது என் பேனா அல்லவா! பதிவேட்டை எடுத்து இசக்கியம்மாள் பேரை மறுபடி எழுதினேன். மூன்று மாதச் சந்தாவை என் சட்டைப்பையிலிருந்து போட்டேன். உதவிப்பணத்தை வாங்கிக்கொள்ள அவள் மாமியாருக்குச் சொல்லி அனுப்பினேன். கமிட்டிக்காரர்கள் கத்தினார்கள். கத்தட்டும்.

அடுத்த முதல் ஞாயிறு பேனாவைத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணி ஆனது. ஒருத்தரும் வரவில்லை. அப்பாடா என்று குனிந்தேன். மேசையில் இருபது ரூபாய் கிடந்தது.

"என் சந்தா, அண்ணாச்சி."

என்னால் நிமிர முடியவில்லை. ரசீதுப் புத்தகத்தைத் தள்ளினேன். பேனா கீறும் சத்தம் கேட்டது.

"வாரேன்" என்றாள்.

அப்படிச் சொல்லச் சொன்னவன் நான்தான்.