நாலு மணிக்காரரின் தம்பி

வண்டியிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த சின்னவனின் கையை மெத்தைக் கடைக்காரர் வந்து பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை. இன்னொரு கையில் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தொங்கின. கீழே வைக்கவும் முடியவில்லை, கையை உருவவும் முடியவில்லை.

"போயிட்டாரேப்பா! இனிமே நாலு மணிக்கு எங்க கடையில யாரு பேசுவா?"

போன மழைக்காலத்தில் வானொலிக்குக் கொடுத்துவந்த விளம்பரத்தை நிறுத்தியவர் இதே மனிதர்தான். "உங்க பழைய பாட்டைக் கேக்கறவங்கல்லாம் மெத்தை வாங்கி முடிச்சவங்கப்பா. இனிமே அவங்க படுக்கப்போற மெத்தை எங்கிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சின்னவனும் கூடச் சிரித்தான். விளம்பரம் கேட்டுப் போனவன் கடைக்காரர் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிக்காமல் படியிறங்க முடியுமா?

"உள்ள போங்க" என்றான். "உள்ளதான் இருக்கார்."

ஐம்பதைத் தாண்டியும் வீட்டில் அவன் சின்னவன்தான். கடைத்தெருவில் அவனுக்கு 'விளம்பரம்' என்று பெயர். "வாங்க விளம்பரம்", "நாளைக்குப் பார்க்கலாம் விளம்பரம்." ஆனால் அண்ணனை ஊரே நாலு மணிக்காரர் என்றது. இரும்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடந்த அந்தச் சின்ன வானொலி நிலையம் நாள் முழுக்கப் பழைய பாட்டுத்தான் போட்டது. என்றாலும் ஊர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது நாலு மணிக்கு. அப்போது அண்ணன் பேசுவார். நேயர்கள் கூப்பிடுவார்கள், கேட்ட பாட்டைப் போடுவார்.

விடியற்காலையில் மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அடங்கிவிட்டார். வெளியூரிலிருந்து மகள் வந்து சேர்ந்த பிறகுதான் எடுப்பது என்று முடிவாகியிருந்தது.

கூடத்தில் கூட்டம் நெரிந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் அண்ணனின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தார்கள். தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "இவரா? நல்ல உசரமா, மீசை வெச்சுக்கிட்டு இருப்பார்னு நெனச்சேன்க்கா" என்று முணுமுணுத்துவிட்டு, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சின்னவன் சுவரோரம் நின்று அதைப் பார்த்தான். அவன் செத்தால் யார் வருவார்கள்? கடைக்காரர்கள் வருவார்களா? ஆளனுப்பி விசாரிப்பார்கள். அவ்வளவுதான். எண்ணம் தோன்றிய வேகத்தில் வெட்கமும் வந்தது. ஆனால் வெட்கம் வந்ததால் எண்ணம் போய்விடவில்லை.

அந்த நாலு மணி நாற்காலி அவனுக்கு வந்திருக்க வேண்டியது. வானொலி தொடங்கியபோது குரல் தேர்வுக்குப் போனவன் அவன். பல நாள் கண்ணாடி முன் நின்று படித்துப் பழகியிருந்தான். அண்ணன் துணைக்குத்தான் வந்தார், சைக்கிள் அவருடையது என்பதால். இரண்டு பேருக்கும் ஒரே குரல். தொலைபேசியில் அம்மாவே "எவண்டா பேசறது?" என்று கேட்பாள். தேர்வு நடத்தியவர் சின்னவனைக் கேட்டு முடித்துவிட்டு, வாசலில் நின்றிருந்த அண்ணனைப் பார்த்து, "சும்மாதானே நிக்கறீங்க, நீங்களும் ரெண்டு வரி படிங்களேன்" என்றார். அண்ணன் படித்தார். "தம்பி படிக்கிறார். நீங்க பேசறீங்க" என்றார் அந்த மனிதர். ஒரே குரல்தான். இருந்தும் ஒருவருக்கு மைக், இன்னொருவனுக்குத் தெரு. கேட்பவர்கள் கிழவர்களாக ஆக ஆக, விளம்பரம் கொடுப்பவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, ஊரெங்கும் கால் தேய நடந்து அந்த நாலு மணியைக் காப்பாற்றியது யார் என்று எந்த நேயரும் கேட்டதில்லை.

வானொலி முதலாளி மாலையை வைத்துவிட்டு வந்து, அவனை வாசலுக்கு ஓரங்கட்டினார்.

"இந்த நேரத்துல சொல்லக் கூடாது. இருந்தாலும் உனக்குத் தெரியணும். அடுத்த வாரம் புதுப் பாட்டுக்கு மாறிடறோம். நிகழ்ச்சி, விளம்பரம் எல்லாமே வெளியிலேருந்து ரெடியா வந்துடும். பேச ஆளே வேண்டாம்."

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"ஆச்சுப்பா, ரொம்ப நாள். வயசானவன் காதை எவனும் காசு குடுத்து வாங்க மாட்டேங்கறான், உனக்குத் தெரியாததா? பெரியவர் இருக்கறப்ப மாத்த மனசு வரல."

வேலை போகிறது என்பது சின்னவனுக்கு அப்புறம்தான் உறைத்தது. முதலில் சுட்டது வேறு. அண்ணனுக்காகத்தான் இத்தனை நாள் மாற்றாமல் காத்திருந்திருக்கிறார்கள், அவன் நடந்த நடைக்காக அல்ல.

"ஒண்ணு பண்ணு" என்றார் முதலாளி. "இன்னிக்கு நாலு மணிக்கு நீயே போய் ரெண்டு வார்த்தை பேசிடு. குரலும் அதே குரல்தானே."

அண்ணியிடம் சொல்லிக்கொள்ளப் போனான். அவள் அழுது ஓய்ந்து, அண்ணனின் தலைமாட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டு வாங்க தம்பி. அவருக்கும் ஒரு வகையில திருப்தியா இருக்கும். என்ன, உங்க மேல அவருக்கு எப்பவுமே ஒரு பொறாமை உண்டு."

"எம்மேலயா?"

"நடந்து போனா கடைக்குக் கடை உங்களைக் கூப்பிட்டு டீ வாங்கிக் குடுக்கறாங்களாமே? 'எம் மூஞ்சி ஒருத்தனுக்கும் தெரியாது, அவன்தான் ஊருக்குள்ள வாழறான்'ம்பார்."

"எங்கிட்ட ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே அண்ணி."

"உங்ககிட்ட என்ன, எங்கிட்டயே எதைச் சொன்னார்? இருக்கற பேச்சையெல்லாம் அங்க கொட்டிட்டு, கவுத்த பாத்திரமா வீட்டுக்கு வருவார்."

தெருவில் நடக்கும்போது சின்னவனுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த டீயா? 'இல்லை' என்று சொல்வதற்கு முன்னால் கொடுக்கும் டீ அல்லவா அது! ஆறிப்போய், ஆடை படிந்து, குடித்து முடிக்கும்வரை நம்பிக்கையோடு உட்கார வைத்துவிட்டுக் கையை விரிப்பார்கள். அதைப் போய்ப் பொறாமைப்பட்டாராம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் அழுத முகத்தோடு இருந்தாள். ஹெட்போனை எடுத்து அவனிடம் நீட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவன் பேசினான். அண்ணன் இன்று விடியற்காலையில் காலமானார் என்றான். நேயர்களுக்கு நன்றி என்றான். தன் குரல் ஹெட்போன் வழியாகத் தன் காதிலேயே விழுந்தது. அண்ணன்தான் பேசுகிறார் போலிருந்தது. நன்றாகவே பேசுகிறோம் என்றும் தோன்றியது. அந்தச் சமயத்தில் அப்படித் தோன்றியதை அவனால் தடுக்க முடியவில்லை.

முதல் அழைப்பை அந்தப் பெண் இணைத்தாள். வயதான அம்மா ஒருத்தியின் குரல்.

"அப்பாடா, வந்துட்டியா! கரண்ட் இப்பத்தான் வந்துது, உடனே போட்டேன். நேத்து உன் குரல் கம்மிப்போயிருந்துதே, உடம்புக்கு என்ன?"

கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினாள். சின்னவன் அவளைப் பார்க்கவில்லை. இப்படி ஒரு குரல் அவனை விசாரித்ததே இல்லை.

"இப்பப் பரவாயில்லம்மா" என்றான்.

"கஷாயம் வெச்சுக் குடி. பேசறவனுக்குத் தொண்டைதானே சொத்து. சரி, என் பாட்டைப் போடு."

"எந்தப் பாட்டும்மா?"

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "என்ன வெளையாடறியா? எப்பவும் போடறதுதான்."

ஊரில் எந்தக் கடை எந்தச் சந்தில் என்று சின்னவனுக்குத் தெரியும். எந்த முதலாளி எந்த நேரத்தில் நல்ல மனநிலையில் இருப்பார் என்றும் தெரியும். இந்த அம்மாவுக்கு எந்தப் பாட்டு என்பது தெரியாது.

"அம்மா, நான் அவர் இல்ல. அவரோட தம்பி."

"தம்பியா?" என்றாள். பிறகு, "அவன் எங்க?" என்றாள்.

சின்னவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். வைத்துவிட்டாள் என்று நினைத்தபோது, உடைந்த குரலில் பல்லவியை முணுமுணுக்கத் தொடங்கினாள். சுதி எங்கெங்கோ போயிற்று. தனக்காக அல்ல என்று சின்னவனுக்குத் தெரிந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டைத் தேடி எடுத்தாள்.

பாட்டு ஒலித்தது. இத்தனை வருஷமாகத் தெருவிலேயே இருந்தவன், ஒரு பாட்டை உட்கார்ந்து முழுதாகக் கேட்டதில்லை. பாட்டு முடியும் நேரத்தில் தொலைபேசியின் விளக்குகள் எல்லாம் மினுங்கின. அடுத்த அழைப்பைக் கொடுக்கட்டுமா என்று அந்தப் பெண் விரலை உயர்த்திக் கேட்டாள்.

பாட்டு முடியட்டும், கொஞ்சம் இரு என்று சின்னவன் கையைக் காட்டினான்.