இடைவேளையில் பூட்டிக்கொண்ட கதவு

பூட்டுக்காரருக்கு பிரெஞ்சுப் படம் பார்க்கும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி அவரை இழுத்துக்கொண்டு போனது அவளுடைய தம்பிக்காக. அவன் திரைப்படச் சங்கத்தின் செயலாளர். ஓயாமல் பிரெஞ்சுப் படங்களைப் பற்றியே பேசி வீட்டில் 'பிரெஞ்சுக்காரன்' என்று பெயர் வாங்கியவன். நூலக மாடியில் முப்பது நாற்காலி போட்டு, பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஓட்டினான்.

கதை பூட்டுக்காரருக்குப் பிடித்துத்தான் இருந்தது. நான்கு திருடர்கள் நகைக்கடைப் பெட்டகத்தைத் திறக்கப் போகிறார்கள். சத்தம் வரக்கூடாதென்று ஷூவைக் கழற்றினால், ஒருவனின் காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது. இன்னொருவன் வந்த வேலையை விட்டுவிட்டு, கடைக்காரரின் வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். துரத்தும் இன்ஸ்பெக்டரோ, பிடிக்கப்போகும் நேரமெல்லாம் தும்மித் தொலைக்கிறார். பூட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பெட்டகக் கட்டத்தில்தான் வினை. வசனமில்லை, இசையில்லை. கிழத் திருடன் பெட்டகத்தில் காதை வைத்து, வியர்வையைத் துடைத்துத் துடைத்து, குமிழைத் திருகிக்கொண்டே இருந்தான். அறையே மூச்சடக்கிப் பார்த்தது.

"அட, கீல் பக்கம் காதை வச்சா என்னடா கேக்கும்?" என்றார் பூட்டுக்காரர், எல்லோர் காதிலும் விழும்படி.

மைத்துனன் முன்வரிசையிலிருந்து திரும்பினான். "அத்தான், இந்தக் கட்டத்துக்காகவே ஊர் உலகமெல்லாம் இந்தப் படத்தைப் பாக்குது. கொஞ்சம் பேசாம இருங்க."

"இருக்கேன் மாப்ளே. நான் இவ்வளவு நேரம் எடுத்தா, வந்தவங்க வேற கடைக்குப் போயிடுவாங்க."

நாலைந்து பேர் களுக்கென்று சிரித்தார்கள். மைத்துனன் முகம் சுருங்கிப்போயிற்று.

இடைவேளையில் அவன் படக்கருவி இருந்த சின்ன அறைக்குள் போய், படத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். காற்றில் கதவு படாரென்று சாத்தித் தானே பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே மேசைமேல். நூலகர் போனை எடுக்கவில்லை.

எல்லோரும் பூட்டுக்காரரைப் பார்த்தார்கள். மைத்துனன் மட்டும் சுவரைப் பார்த்தான். கடைசியில் அவனும், "அத்தான்..." என்று இழுத்தான்.

பூட்டுக்காரர் மனைவியிடம் ஒரு ஹேர்பின் வாங்கிக்கொண்டு கதவருகே மண்டியிட்டார். காதை வைத்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தை அடக்கினார். பின்னை நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம். ஒருவரும் கையிலிருந்த தேநீரைக் குடிக்கவில்லை. ஒரு பேராசிரியர் தன்னையறியாமல் பக்கத்து ஆளின் தோளைப் பற்றிக்கொண்டார்.

கதவு திறந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

மனைவி அவர் காதருகே குனிந்தாள். "நம்ம குளியலறையில இதே பூட்டுதானே? பத்து எண்றதுக்குள்ள திறப்பீங்களே!"

"சும்மா இரு. அப்பவே திறந்துடுச்சு. உடனே எந்திரிச்சிருந்தா யாரு கை தட்டுவா?"

மிச்சப் படத்தை மைத்துனன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தான். இன்ஸ்பெக்டரின் ஜலதோஷம் கிழத் திருடனுக்கு ஒட்டி, ஒளிந்திருந்த இடத்தில் அவன் தும்மி மாட்டிக்கொண்டான். எல்லோரும் சிரிக்க, பூட்டுக்காரர் மட்டும், "ச்சே, தொழில் தெரிஞ்ச ஆளு!" என்று உச்சுக்கொட்டினார்.

படம் முடிந்து அவரைப் பேசச் சொன்னார்கள். எழுந்து தொண்டையைச் செருமினார். "அவசரப்பட்டுக் குறை சொல்லிட்டேன். பெட்டகம் திறக்க அவ்வளவு நேரம் வேண்டாம். பாத்துட்டு நிக்கிறவங்களுக்குத்தான் அவ்வளவு நேரம் வேணும்."

மைத்துனன் மனம் உருகி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். அவன் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.