தட்டில் இருந்த நட்டுகள்

விடிவதற்கு முன்பே பட்டறையில் கேஸ்கட் சுரண்ட உட்கார்ந்துவிட்டோம். விவசாயி துரைக்கண்ணுவின் டிராக்டர் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்து இறங்கியது. அதன் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பலகைமேல் கவிழ்த்துப் போட்டிருந்தோம். இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் தகட்டை உரித்தெடுத்த பிறகும் அதன் கரி இரும்போடு இரும்பாக ஒட்டிக்கிடந்தது. உடைந்த ரம்ப பிளேடால் சுரண்டச் சுரண்டக் கரித்தூள் மூக்கில் ஏறியது. மண்ணெண்ணெய் நகக்கண்ணில் எரிந்தது. அழுத்திச் சுரண்டினால் இரும்பில் கீறல் விழும். மெதுவாகச் சுரண்டினால் முதலாளி கத்துவார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு. பிள்ளையார்பாளையத்துத் தறிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்திருந்தன.

கங்கையம்மாள் ஹெட் நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, தகரத் தட்டில் வரிசை மாறாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். எந்த போல்ட்டிலிருந்து கழன்றதோ அந்த நட்டு அதே போல்ட்டுக்குத்தான் திரும்பப் போக வேண்டும் என்பது எங்கள் பட்டறை வழக்கம். பழைய எஞ்சின், மரைகள் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. ஒன்று தொலைந்தால் மெட்ராஸில் தேடினாலும் அதே மரையில் கிடைக்காது. அதனால் அந்தத் தட்டை அவளைத் தவிர யாரும் தொடுவதில்லை, முதலாளி உட்பட.

அவள் புருஷன் தாவீது, எங்கள் கூட்டாளி, வலது கையும் மார்பும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவள் அவன் பக்கத்தில் இருக்க வேண்டியவள்தான். ஆனால் அன்றைய கூலி இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை.

அவனை வேகவைத்தது ஒரு அட்டை. பட்டுப்புடவைக் கரையில் மயிலும் யாளியும் விழுவதற்காகத் தறிமேல் துளைபோட்ட கெட்டி அட்டைகள் மாட்டியிருப்பார்கள் அல்லவா, அந்த ஜக்கார்டு அட்டை. முதலாளி வேணுகோபாலுக்குப் பட்டுக்கடையிலும் பங்கு உண்டு. கழித்துப்போட்ட அட்டைகள் சாக்கு சாக்காகப் பட்டறைக்கு வரும். ஆயில் மூடிக்கு அதை வெட்டி வைப்போம். சூடில்லாத இடம், தாங்கிவிடும். அது தாங்கியதும் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. கொதிக்கிற தண்ணீர் போகும் குழாய் வாய்க்கும் அதையே வைக்கச் சொன்னார். துளைகளைச் செல்லாக் என்கிற அரக்குப் பசையால் அடைத்தால் போதுமாம். விலை மட்டும் புதுக் கேஸ்கட்டுக்கு.

முந்தின நாள் இந்த டிராக்டரில் அப்படி மாட்டி ஓட்டிப் பார்த்தபோது அட்டை ஊறிப் பிய்ந்தது. வெந்நீர் தாவீதின்மேல் பீய்ச்சியடித்தது. எஞ்சினை நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தண்ணீரில்லாமல் ஓடிய எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கட்டையும் பொசுக்கிவிட்டது. முதலாளி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டவில்லை. எஞ்சின் வீணாகிவிட்டதே என்றுதான் அன்று முழுக்கத் திட்டினார்.

நாங்கள் சுரண்டிக்கொண்டிருக்க, வெயில் ஏறியதும் முதலாளி வந்தார், நெற்றியில் காமாட்சி கோயில் குங்குமத்தோடு. ஸ்கூட்டரின் பின்னால் துரைக்கண்ணு. ஏரியில் தண்ணீர் வற்றுவதற்குள் நடவுக்குச் சேறடித்துச் சேடை உழுதாக வேண்டும் என்ற கவலையில் மனுஷர் தூங்காத முகத்தோடு இருந்தார். முதலாளி ஒரு சாக்கையும் செல்லாக் டப்பாவையும் எங்கள் முன்னால் போட்டார். பொசுங்கிய ஹெட் கேஸ்கட்டையே தட்டி நிமிர்த்திப் பசை பூசி மாட்ட வேண்டும், தண்ணீர்க் குழாய்க்கு மறுபடியும் அட்டை, மத்தியானத்துக்குள் வண்டி போயாக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

எங்களில் மூத்த ஃபிட்டர் தர்மன் எழுந்து நின்றார்.

"வேணாம் மொதலாளி. செம்புத் தகடு வச்ச கேஸ்கட்டு மெட்ராஸ்ல கெடைக்குது. அத்த வரவைங்க. பசைய பூசி ஏமாத்தினா மறுபடியும் யாருனா வேவுவான்."

"வேல செய்யத்தான் கூலி குடுக்கறேன். யோசன சொல்றதுக்கு இல்ல."

தாவீதுக்கு வைத்தியச் செலவாவது உண்டா என்று நான் கேட்டேன். முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

"நட்ட ஒழுங்கா முறுக்கியிருந்தா அவன் ஏன் வேவறான்? குடிச்சிட்டு வேல செஞ்சிருக்கான். இனிமே அவனுக்கு இங்க வேல இல்ல."

கங்கையம்மாளின் கை மண்ணெண்ணெய்க்குள் நின்றது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவரு வாயில சாராயம் பட்டதே கெடயாது. முறுக்கறப்ப நான் பக்கத்துல இருந்தேன். நீங்க குடுத்த அட்டைதான் பிஞ்சிது."

முதலாளி துரைக்கண்ணுவிடம் திரும்பி, பார்த்தீர்களா, உங்கள் நிலம் காயட்டும் என்று இவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். எங்களையும் அந்த விவசாயியையும் மோதவிட்டால் தன் வேலை சுலபம் என்பது அவர் கணக்கு. துரைக்கண்ணு குனிந்து சாக்கிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். அதன் துளைகளின் வழியே வெளிச்சத்தைப் பார்த்தார்.

"எங்கிட்ட புதுசுன்னு சொன்னது இதானா?"

முதலாளி அட்டையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

"எம்புள்ளதான்பா அந்த வண்டிய ஓட்றான்" என்றார் துரைக்கண்ணு.

அதற்குமேல் முதலாளிக்குப் பொறுமை இல்லை. வாலாஜாபாத்திலிருந்து வேறு ஆட்களைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறேன், எல்லாரும் வெளியே போங்கள் என்று கத்தினார். தர்மன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். நாங்களும் வைத்தோம். ஆனால் யாரும் வெளியே போகவில்லை. என்ன செய்வது என்றும் தெரியவில்லை. வெளியாட்கள் வந்தால் எல்லாம் முடிந்தது, தாவீதின் வேலையும் போனதுதான்.

அப்போது கங்கையம்மாள் தட்டைத் தூக்கினாள். தர்மனின் உள்ளங்கையில் ஒரு நட்டை வைத்தாள். அடுத்து எங்களோடு சுரண்டிக்கொண்டிருந்த அப்பாதுரையின் கையில். பிறகு என் கையில். மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட ஒவ்வொருவர் கையிலும் ஒன்று.

"எந்த போல்ட்டுதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அவருக்கு வைத்தியம் பாத்து, வேலையும் குடுங்க. நல்ல கேஸ்கட்ட வாங்கினு வாங்க. அப்பறம் எடுத்து வைக்கறேன்."

நாங்கள் கையை மூடிக்கொண்டோம். முதலாளியின் முகம் கறுத்தது. திருட்டுக் கேஸ் கொடுத்து எல்லாரையும் உள்ளே தள்ளுவேன் என்றார்.

"யாரு வூட்டு நட்டு அது?" என்றார் துரைக்கண்ணு. "வண்டி என்னுது. நான் கேஸ் குடுக்கல." பிறகு கங்கையம்மாள் முன்னால் கையை நீட்டினார். "எனக்கும் ஒண்ணு குடும்மா."

அவருடைய நிலம் காய்ந்துகொண்டிருந்தது. அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் கொடுத்தாள்.

ஸ்கூட்டர் சீறிக்கொண்டு போனது. போலீஸ் ஸ்டேஷனுக்கா வாலாஜாபாத்துக்கா, தெரியவில்லை. எங்கே போயிருந்தாலும் சரி என்று திறந்துகிடந்த எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்தோம். துரைக்கண்ணு துண்டை விரித்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார்.

தட்டில் கடைசியாக ஒரு நட்டு இருந்தது. கங்கையம்மாள் அதைத் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டு வாசலுக்கு நடந்தாள். எங்கே என்று தர்மன் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு. வலது கைல கட்டு போட்டிருக்குது. இடது கைல குடுத்துட்டு வரேன்."