கிளி அண்டாத குரல்

நாகஜோதி பாடுகிறாள் என்றால் ஒரு காலத்தில் சென்னையில் நாற்காலி கிடைக்காது, கண்ணுகளா. தொண்டையில் கட்டி வந்து அறுத்தபிறகு அந்தக் குரல் போய்விட்டது. போனது வெளியே தெரியக்கூடாது என்றுதான் காமயகவுண்டன்பட்டியில் அப்பன் விட்டுப்போன தோட்டத்து வீட்டுக்கு ஒண்டியாக வந்து சேர்ந்தாள். சமைத்துப்போடும் மொக்கம்மாளைத் தவிர யாருக்கும் கதவு திறக்காது.

பாடாமலும் இருக்க முடியவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த இரைச்சலில் அவள் பாடுவது அவளுக்கே கேட்காது.

ஒருநாள் உச்சத்தில் இழுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மோட்டார் நின்றது, குரல் நிற்கவில்லை. பக்கத்துத் திராட்சைப் பந்தலிலிருந்து கிளிக்கூட்டம் அலறியடித்துப் பறந்தது.

பந்தல்காரன் கர்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். வெடி போட்டாலும் தகரம் தட்டினாலும் அசையாத கிளிகள். மறுநாள் அவள் உள்ளே போய்ப் பாட ஆரம்பித்திருப்பாள் என்ற நேரம் பார்த்து, வெளியே இருந்த மோட்டார் பீஸ்கட்டையைப் பிடுங்கினான். அவள் குரல் அடங்குவதற்குள் போனில் பதிந்து, பந்தல் கல்தூணில் ஸ்பீக்கரைக் கட்டி அதை ஓடவிட்டான்.

நாகஜோதி வேலிக்கு ஓடினாள்.

"ஏலே கர்ணா, நிப்பாட்டுடா அதை!"

"ஏன்க்கா? பழுக்குற நேரம். ஒத்தக் கிளி அண்டலையே!"

"என் பாட்டுத்தான வேணும்? இந்தா, நல்லா இருந்தப்பப் பாடுனது. இதைப் போடு."

பென் டிரைவை வாங்கிப் போட்டுத்தான் பார்த்தான். சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்தான்.

"இதுக்கு அதுக சம்மணம் போட்டு உக்காந்து திங்குதுகக்கா. மோட்டார் ரூம் பாட்டே இருக்கட்டும்."

அந்த வாரம் சென்னை சபாவிலிருந்து இரண்டு பேர் மார்கழிக் கச்சேரிக்கு அழைக்க வந்தார்கள். வயதாகிவிட்டது, பாட்டை நானே நிறுத்திவிட்டேன் என்று சொல்லி அனுப்பினால் பேராவது பிழைக்கும் என்று உள்ளே விட்டாள். அவர்கள் உட்கார்ந்ததும் பந்தலில் அலறல் தொடங்கியது.

"ஐயோ, என்னம்மா அது? நாய்க்கு அடிபட்டுடுச்சா?"

"கோம்பை நாய்," என்றாள். "கட்டிப்போட்டா அப்படித்தான்."

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கூடையும் கையுமாகக் கர்ணன் நுழைந்தான்.

"மெட்ராஸ்லருந்து வந்திருக்காகளா? சாப்பிடுங்க சார். பன்னீர் திராட்சை. பூராவும் எங்கக்கா குரலு காப்பாத்துன பழம். அங்கன கேக்குது பாருங்க!"

கேட்டார்கள். அந்தக் கமகத்தைச் சபாக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? பெரியவர் நீட்டிய அழைப்பிதழை மெல்ல மடித்தார்.

"நீங்க பாடிச் சிரமப்பட வேண்டாம்மா. வந்து குத்துவிளக்கு ஏத்தி வச்சாலே எங்களுக்குப் பெருமை."

நாகஜோதி வாயைத் திறந்தாள். வெளியே ஸ்பீக்கர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

இளையவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஒரு பழத்தை வாயில் போட்டார். "நல்ல இனிப்பு," என்றார். கொட்டையைத் துப்ப இடம் தேடினார்.

"மொக்கம்மா," என்றாள் நாகஜோதி. "ஒரு தட்டு கொண்டா."