ஏணியிலிருந்து விழும் அப்பாக்கள்

கூடத்தில் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டதும் அம்மா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் எதற்கும் தேவைப்படவில்லை. வெறும் தொட்டியில் அது விழுந்துகொண்டிருந்தது. நான் மடியிலிருந்த நாவலின் பக்கத்தைத் திருப்பினேன். முந்தைய பக்கத்தை இன்னும் முடித்திருக்கவில்லை. அப்பா மெதுவாகக் குனிந்து, தோள் துண்டாலேயே தரையில் கிடந்த காப்பியைத் துடைத்து, டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். பேப்பர் படபடவென்று ஆடியது. மின்விசிறி ஓடவில்லை. அது டிசம்பர் மாதம்.

எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக இப்படித்தான். அப்பா கையிலிருந்து எது விழுந்தாலும் அம்மா குழாயைத் திறப்பாள். மந்தைவெளியில் தண்ணீர் வராத நாட்களில் பாத்திரங்களை உருட்டுவாள். நான் எதையாவது படித்துக்கொண்டிருப்பேன். இப்படிச் செய்வோம் என்று நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் துணி அளந்து கிழிக்கிறவராக இருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்த நாள் முதல் அதே கடை. ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு ஒரே இழுப்பு. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தவர்கள் "கணேசமூர்த்தி அண்ணாச்சியைக் கூப்பிடுங்க" என்று கேட்பார்கள். கை நடுங்க ஆரம்பித்ததும் முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அப்பா ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். போன நவராத்திரியில் பரணிலிருந்து கொலு பொம்மைகளை இறக்கும்போது செட்டியார் பொம்மை கைநழுவி விழுந்து கழுத்தோடு முறிந்தது. பருத்த வயிறும் கடுக்கனுமாக வருடா வருடம் கடை விரித்து உட்காரும் செட்டியார். அன்றும் அம்மா குழாயைத் திறந்தாள். அந்த வருடக் கொலுவில் செட்டியாரின் பெண்சாதி மட்டும் தனியாக உட்கார்ந்து மளிகை விற்றாள். உடைந்ததைக் கடலில் போட்டுவிட்டதாக அம்மா என்னிடம் மட்டும் சொன்னாள். அப்பா அதன் பிறகு பரண் பக்கமே போகவில்லை.

எனக்கு மயிலாப்பூரில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் வேலை. லஸ் பக்கத்தில் மாடியில் ஒற்றை அறை. கீழே ஒரு பாத்திரக் கடை. நவம்பரில் ஒருநாள் முதலாளி கல்யாணராமன் சார் ஒரு மூட்டை ஆங்கிலப் படப் புத்தகங்களோடு வந்தார். எல்லாம் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் கதைகள், நடைபாதையில் வாங்கியவை.

"ஜெயபாரதி, இதைப் பாரும்மா. எந்தப் புஸ்தகத்தை எடுத்தாலும் அப்பா ஏணிலேர்ந்து விழறார். விளக்குச் சரத்துல சிக்கிக்கறார். கேக்கைக் கருக்கிடறார். கீழ விழறதுக்குன்னே பொறந்தவராட்டம் இருக்கார். குழந்தைகள் ஓன்னு சிரிக்கறதுகள். நம்ம தமிழ்ல விழற அப்பா ஒருத்தராவது உண்டோ? எல்லாரும் சாய்வு நாற்காலில உக்காந்துண்டு புத்தி சொல்றா."

"அப்பாவைக் கிண்டல் பண்ணா வாங்குவாங்களா சார்?"

"பண்ணித்தான் பாப்போமே. என் பேரன் என்னை அப்படித்தான் பண்றான், ஆத்துல கேட்டுப் பாரு. நீ எழுது. ஸ்ரீஹரி படம் போடட்டும்."

அன்று மாலை முழுவதும் அந்தப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தேன். நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் அப்பாக்கள் பனியில் தொலைந்துபோவார்கள், சூதாடித் தோற்பார்கள், சாகும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வருவார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவற்றைப் படிக்கும்போது லஸ் பக்கத்துக் கால்வாய் எனக்கு உறைந்த ஆறாகத் தெரியும். ஆனால் இந்தப் படங்களில் இருந்த அப்பாக்கள் வேறு மாதிரி. கூரையிலிருந்து சறுக்கினார்கள். அலங்கார மரத்தோடு சேர்ந்து சாய்ந்தார்கள். எழுந்து தலையைச் சொறிந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேறொன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா விழுந்த ஒவ்வொரு படத்திலும் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மா பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு குழந்தைகள் பார்த்தார்கள். நாய்கூடப் பார்த்தது.

கதை தானாக வந்தது. அந்தோணி என்று ஓர் அப்பா, சாந்தோமில். நட்சத்திரம் கட்ட ஏணியில் ஏறி, கொடியில் காயும் புடவையோடு இறங்குகிறார். காப்பியைப் பாதிரியார் அங்கியில் கொட்டுகிறார். கிறிஸ்துமஸ் குடிலில் மேய்ப்பர் குறைகிறார் என்று மாடி வீட்டிலிருந்து கொலுச் செட்டியாரைக் கடன் வாங்கி வருகிறார். வழியில் கழுத்து முறிகிறது. அவசரத்தில் தலையைப் பின்பக்கமாக ஒட்டிவிடுகிறார். 'குடிலில் எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் தெருவைப் பார்த்தார்.' எழுதும்போது அது அந்தோணியின் வீடு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் பாதியில் ஸ்ரீஹரி படங்களைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினான். தோளில் துண்டு, கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி, ஒரு பக்கம் தூக்கிய புருவம். பதினாறு பக்கமும் என் அப்பா விழுந்துகொண்டிருந்தார்.

"யாரைப் பாத்து வரைஞ்சீங்க?"

"உங்க அப்பாவைத்தாங்க. அன்னைக்கு மழையில கதை வாங்க வந்தேன்ல, எங்கிட்ட காப்பி குடுக்கும்போது கொட்டிடிச்சே. என் செருப்பைப் பாத்துட்டு என்னைப் பாத்தாரு பாருங்க, அந்த மூஞ்சி! விட மனசு வரலை." என் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. "ஏங்க, தப்பா?"

அவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா கையிலிருந்து விழுந்ததையெல்லாம் நான் எழுதிக் கொடுத்தேன், அவன் முகத்தைக் கொடுத்துவிட்டான்.

"மாத்த முடியுமா?"

"மாத்தலாம். ஆனா வேற மூஞ்சி வெச்சா ஆளே செத்துடுவாரு."

கல்யாணராமன் சார் படங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எங்கள் வீடு தெரியும். "ஆத்துக்கு எடுத்துண்டு போ. நாளைக்குக் காலம்பற அச்சுக்குப் போணும். நீ வேண்டாம்னா வேண்டாம். இந்த வருஷம் இல்லேன்னா என்ன, அடுத்த டிசம்பர் வராமலா போயிடும்?"

அப்பாவிடம் காட்டப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேதான் பஸ் ஏறினேன். காட்டாமலே முகத்தை மாற்றச் சொல்லிவிடலாம். அந்தப் புருவத்தை நினைத்தால் அதற்கும் மனது வரவில்லை.

வீட்டில் பிரிசில்லா இருந்தாள். கீழ் வீட்டுக் குழந்தை, ஒன்றாம் வகுப்பு. அவள் அம்மா ரெஜினா அக்கா ஆபீஸிலிருந்து வரும்வரை எங்கள் வீட்டில்தான் இருப்பாள். நான் கால் கழுவிவிட்டு வருவதற்குள் என் பையிலிருந்த படங்கள் கூடத்துத் தரையில் வரிசையாகக் கிடந்தன.

"ஐ! தாத்தா!" என்று கத்தினாள். "ஆன்ட்டி, ஓடியாங்க! தாத்தா ஏணிலேர்ந்து தொபுக்கடீர்னு உழுந்துகினு கீறாரு!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டு சிரித்தாள்.

அம்மா குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. குழந்தையின் சிரிப்பு மட்டும் வீடு முழுக்கக் கேட்டது. எனக்குத் திருப்ப ஒரு பக்கமும் இல்லை.

"கொண்டா பாப்போம்" என்றார் அப்பா.

படம் அவர் கையில் ஆடியது.

"ஆட்டாத தாத்தா. ஒண்ணுமே தெரியல."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கி, தாளைத் தரையில் வைத்து, அவளுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு படமாக, கீழே நான் எழுதியிருந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். புடவையோடு இறங்குவது. காப்பி. செட்டியார் வந்ததும் விரல் நின்றது. நின்ற இடத்திலேயே நடுங்கியது.

"இவரு ஏன் திரும்பிக்கினாரு?" என்றாள் பிரிசில்லா.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தின் மேல் குனிந்தார். "செட்டியாரு யாவாரில்லா? கடைக்கு யாராச்சும் வாராங்களான்னு பாக்காரு" என்றார்.

அவள் மறுபடி உருண்டாள். அப்பா என்னைப் பார்க்காமல் கேட்டார். "ஏட்டி, இது பூரா நீ எழுதினதா?"

"ஆமாப்பா."

"விழுறது எல்லாமே?"

"மூஞ்சிய மாத்தச் சொல்லிடறேன்பா. நாளைக்குக் காலையிலயே..."

அப்பா சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏளா, அந்தச் செட்டியார எங்க வச்சிருக்க?"

"எந்தச் செட்டியாரு?" என்றது அம்மாவின் குரல், அவசரமாக.

"நான் ஒடச்சேம்லா, அந்தச் செட்டியாரு."

சமையலறையில் அரிசி டிரம் நகரும் ஓசை. அம்மா செய்தித்தாள் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். கடலில் போட்டதாகச் சொன்ன செட்டியார், தலை தனியாக, உடம்பு தனியாக. கடுக்கனுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

"எங்க குடில்லயும் ஒரே ஒரு மேய்ப்பர்தான்" என்று சொல்லிவிட்டுப் பிரிசில்லா கீழே ஓடிப் பசை டப்பாவோடு வந்தாள். "பின்னால பாத்து ஒட்டு தாத்தா. புக்ல கீற மாதிரி."

அப்பா பசையைத் தடவினார். பாதி கழுத்திலும் பாதி தன் வேட்டியிலும் பட்டது. தலையைத் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்து அழுத்திப் பிடித்தார். "அந்தப் பையன்ட்ட சொல்லு. செட்டியாருக்கு வயிறு பத்தாது, இன்னும் பெருசா போடணும்" என்றார் என்னிடம். "என் மூஞ்சியில கை வைக்க வேண்டாம்."

பசை காயும்வரை தலை அசையக் கூடாது. அப்பாவின் கை ஆட ஆட, செட்டியார் மேலும் கீழும் தலையாட்டினார்.

"பாரு பாரு, ஆமா ஆமாங்கறாரு!" என்றாள் பிரிசில்லா.

"தள்ளுங்க, நான் பிடிக்கேன்" என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா கையை எடுக்கவில்லை. அவள் தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்தினாள். நடுக்கம் நிற்கவில்லை. அவள் வளையல்களுக்கு ஏறி, அவையும் சேர்ந்து கிணுகிணுத்தன. அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு மூக்கு வழியாக ஒரு சின்னச் சத்தம் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னொன்று வந்தது. சிரிப்புதான்.

சமையலறையில் மூடாமல் விட்ட குழாய் ஒருமுறை கனைத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டத் தொடங்கியது. குடம் வைக்க யாரும் எழுந்திருக்கவில்லை. செட்டியார் எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.