கார்டு என்னுதுதான்

சம்மன் வந்தபோது அவள் கையில் கத்தரி இருந்தது. நாற்காலியில் இருந்த அம்மாளுக்கு ஒரு பக்க முடியைத்தான் வெட்டி முடித்திருந்தாள். நீதிமன்ற ஆள் பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். கிரெடிட் கார்டு பாக்கி, வட்டி, வழக்குச் செலவு. மறுபக்கத்தை எப்படி வெட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டில் கணவர் படித்துவிட்டு, “பதில் போடலேன்னா நீ ஒத்துக்கிட்டதா தீர்ப்பு எழுதிடுவாங்க. அப்புறம் உன் சம்பளத்துலயே கை வைப்பாங்க” என்றார்.

கார்டு அவளுடையதுதான். தம்பி செல்போன் கடை வைத்தபோது, சரக்கெடுக்க ஒரே ஒரு தடவை கொடுத்தாள். கார்டைத் திருப்பித் தந்தவன் எண்ணை வைத்துக்கொண்டான். பில் போகும் முகவரியையும் மாற்றியிருக்கிறான். கடை மூழ்கியதுதான் அவளுக்குத் தெரியும். தன்னையும் சேர்த்து மூழ்கடித்தது இப்போதுதான் தெரிந்தது.

செலவு அவள் செய்யவில்லை என்று பதில் மனு எழுதிக் கொடுத்த வக்கீலம்மா சொன்னார்: “அப்ப யார் செலவு பண்ணாங்கன்னு ஜட்ஜ் கேப்பார். முடிவு பண்ணிட்டு வாங்க.”

விசாரணை நாளன்று கோர்ட் வாசலில் தம்பி கூப்பிடாமலே வந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, புது ஷூ.

“என் பேரை மட்டும் இழுக்காதேக்கா. இப்பதான் ஒரு இடத்துல நம்பி கல்லாவில உக்கார வச்சிருக்காங்க.”

அவள் பதில் பேசுமுன் கார்டு கம்பெனி வக்கீல் ஒரு தாளோடு சிரித்த முகமாக வந்தார். “எதுக்கும்மா இழுத்தடிக்கணும்? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. தவணையில கட்டிக்கலாம்.”

“போட்டுடுக்கா. நான் கட்டிடறேன்.”

“கார்டை வாங்கும்போதும் இதைத்தானேடா சொன்னே?”

சின்ன வயதில் இவன் உடைத்த கண்ணாடிக்கெல்லாம் அவள்தான் அடி வாங்கியிருக்கிறாள். அப்போது அது பெருமையாகக்கூட இருந்தது. பேனாவை வாங்கினாள். உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பேனாவை வக்கீலிடமே கொடுத்துவிட்டு நடந்தாள்.

“கார்டு உங்களோடதா?” என்றார் நீதிபதி.

“என்னுதுதாங்க ஐயா. செலவு நான் பண்ணலை.”

“பின்னே யார்?”

அவள் திரும்பிக் கையை நீட்டினாள்.

“என் தம்பிங்க. அதோ, கடைசி பெஞ்சுல.”

எல்லாத் தலைகளும் திரும்பின. அவன் குனிந்து, ஏற்கெனவே இறுக்கமாகக் கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.