பி பிளாக்கில் வாயைத் திறக்கக் கூடாது

எனக்குப் பொறுமைன்னு ஒண்ணு கிடையாது. இரும்புலியூர்ல எங்க வீட்டு கேட்டை யாராவது திறந்து போட்டுட்டுப் போனாலே தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துறவ நான். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய், எல்லாத்தையும் பாரு, ஆனா வாயைத் திறக்காதேன்னு ஒரு வேலையில நிக்க வச்சாங்க. எறும்புப் புத்து மேல உட்கார்ந்த மாதிரிதான் இருந்துச்சு.

என் ஆராய்ச்சி கட்டட வேலையைப் பத்தினது. பாதுகாப்புக்குச் செலவாகிற நேரத்தால வேலை குறையுதா, கூடுதா? குறையும்னு கம்பெனிக்காரங்க அடிச்சுச் சொல்றாங்க. கூடும்னு நான் நிரூபிக்கணும், அதுல எனக்கு டாக்டர் பட்டம் கிடைக்கணும். கூடுவாஞ்சேரியில ஒரு அபார்ட்மென்ட் சைட் கிடைச்சுது. அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டு பிளாக். ஏ பிளாக்ல எல்லாத்தையும் மாத்தினோம். வலை கட்டினோம், பெல்ட் கொடுத்தோம், தினம் காலையில சைட் இன்ஜினியர் ஃபிரெடி எல்லாரையும் நிக்க வச்சு, இன்னிக்கு எங்க என்ன ஆபத்துன்னு பேசுவார். மனுஷன் பேச்சு ஞாயித்துக்கிழமை பிரசங்கம் மாதிரி ஏறி ஏறி இறங்கும். ஆளுங்க அதுக்கு ஹெல்மெட் ஜெபம்னு பேரே வச்சுட்டாங்க.

பி பிளாக்ல எதையும் தொடலை. எப்பவும் நடக்கிற மாதிரி நடக்கட்டும்னு விட்டுட்டோம். மாத்தாம விட்ட பக்கம் ஒண்ணு இருந்தாத்தானே மாத்தின பக்கத்தோட வித்தியாசம் தெரியும்?

"பி பிளாக்ல நீ ஒரு தூண், ஹெப்சி. தூண் பேசாது"ன்னார் என் கைடு யக்ஞநாராயணன் சார். "நீ ஒரு வார்த்தை சொன்னாலும் அது எப்பவும் நடக்கிற மாதிரி இல்லாம போயிடும். ஸ்டடி காலி."

"யாராவது விழுந்துட்டா சார்?"

"நாம புதுசா எந்த ஆபத்தையும் உண்டாக்கலையேம்மா. இருக்கிறதைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்."

கேட்கிறதுக்கு நியாயமாத்தான் இருந்துச்சு. ஆனா தினமும் அங்க போய் நின்னுகிட்டு, ஹெல்மெட் இல்லாத தலையையும் தடுப்பு இல்லாத விளிம்பையும் டேப்லெட்ல தட்டித் தட்டி மார்க் பண்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். நகத்தைக் கடிச்சுக் கடிச்சு விரலே ஒரு மாதிரி ஆயிடுச்சு. வீட்டுக்கு வந்தா அம்மா மேல எரிஞ்சு விழுவேன்.

இதுல பெரிய கொடுமை, பி பிளாக் ஆளுங்களுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். முக்கியமா அங்காளம்மாளுக்கு. கொத்தனாருக்குக் கலவை எடுத்துக் கொடுக்கிற சித்தாள் அவங்க. வாய்னா வாய் அப்படி ஒரு வாய். ஏ பிளாக் பொம்பளைங்களைப் பார்த்து, "போங்கடி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, வாத்தியார் வந்துட்டாரு"ன்னு சீண்டுவாங்க. அப்புறம் என் பக்கம் கையைக் காட்டி, "எங்க மேடத்தைப் பாரு, ஒரு வார்த்தை சொல்லாது. எங்க வேலை மேல அம்மாம் நம்பிக்கை"ன்னு பெருமையா சொல்லுவாங்க. நான் பல்லைக் காட்டிட்டு நிப்பேன். வேற என்ன பண்றது?

கடைசி வாரம். ஏ பிளாக்ல வேலையும் வேகமா ஓடுது, ஒரு கீறல்கூட இல்லை. நான் நினைச்சதைவிட நல்ல முடிவு. சாருக்கு ஒரே சந்தோஷம். இந்த வாரம் மட்டும் வாயைக் கட்டிட்டா போதும்.

திங்கட்கிழமை விடிய விடிய மழை. செவ்வாய்க்கிழமை காலையில நான் போறப்போ பி பிளாக்ல பின்பக்கச் சுவருக்கு வெளிப்பூச்சு ஆரம்பிச்சிருந்தாங்க. அஞ்சு மாடி உயரத்துக்கு இரும்புக் குழாய்ச் சாரம். நாலாவது மாடி மட்டத்துல கொத்தனார், பக்கத்துல அங்காளம்மாள், இன்னும் ரெண்டு பேர். நான் வழக்கம்போலக் கீழேயிருந்து பார்த்துகிட்டே வந்தேன். மூலைக்கு வந்ததும் அப்படியே நின்னுட்டேன்.

மழைத்தண்ணி மண்ணை அரிச்சுட்டுப் போயிருந்துச்சு. மூலைக் குழாய் தரையையே தொடலை, அந்தரத்துல தொங்குது. சரி, சாரத்தைச் சுவரோட இழுத்துக் கட்டியிருக்கிற கம்பியாவது தாங்கும்னு அண்ணாந்து பார்த்தா, பூச்சுக்கு இடைஞ்சல்னு அதையும் அவிழ்த்துட்டாங்க. கீழேயும் பிடிப்பு இல்லை, சுவர்லயும் பிடிப்பு இல்லை. மேல நாலு பேர்.

சாருக்கு போன் போட்டேன்.

"போட்டோ எடு. அபாய நிலைன்னு மார்க் பண்ணு. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் ஃபிரெடிகிட்ட சொல்லிக்கலாம்."

"சாயங்காலமா? இப்ப மேல ஆளுங்க நிக்கிறாங்க சார்!"

"ஹெப்சி, நிதானமா யோசி. ஒன்றரை வருஷ உழைப்பு. உன்னோடது."

யோசிச்சேன். பொய் சொல்லலை, நிஜமாவே யோசிச்சேன். அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நடந்தேன், திரும்ப அந்த மூலைக்கு நடந்தேன். விழாமலும் போகலாமே, இத்தனை நாள் விழலையேன்னு மனசு கணக்குப் போடுது. அப்ப அங்காளம்மாள் கலவைச் சட்டியைத் தூக்கிக்கிட்டு அந்த மூலைப் பலகைக்கு நகர்ந்தாங்க.

"அக்கா! நகராதீங்க! எல்லாரும் இறங்குங்க!"

என் குரல் ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அங்காளம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, பாம்பா?"ன்னாங்க.

"பாம்பு இல்லக்கா, சாரம்! அந்த மூலைக்குப் போகாதீங்க! ஜன்னல் வழியா ஒவ்வொருத்தரா உள்ளே போய் படியில இறங்கி வாங்க!"

அவங்க நாலு பேரும் கீழே வந்து சேர்ற வரைக்கும் தலையை எண்ணிக்கிட்டே நின்னேன். ஃபிரெடி ஓடி வந்தார். மூலைக் குழாயைப் பார்த்ததும் அவர் மூஞ்சி வெளுத்துப் போச்சு. உடனே ஆளுங்களைக் கூப்பிட்டு மண்ணைக் கெட்டிப்படுத்தி, அடியில மரக்கட்டை வச்சு, சுவரோட கம்பியையும் இழுத்துக் கட்டச் சொன்னார். சாரம் மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி அப்படியே அசையாம நின்னுச்சு.

சாருக்கு மறுபடியும் போன் போட்டு, பேசிட்டேன்னு சொன்னேன்.

"விழுந்துச்சா?"

"இல்ல சார்."

"ஆடுச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கும்மா?"

எனக்கு வந்த கோபத்துக்கு போனைத் தூக்கி எறியலாம்னு இருந்துச்சு. விழுந்திருந்தா மட்டும்தான் நான் சரின்னு ஆகுமா? கட் பண்ணிட்டேன். அழுகையா வந்துச்சு. சே, எல்லாம் போச்சேன்னும் இருந்துச்சு, நாலு பேரும் தரையில நிக்கிறாங்களேன்னும் இருந்துச்சு.

ஃபிரெடி கையைத் துடைச்சுக்கிட்டே பக்கத்துல வந்தார். ஆறுதல் சொல்றதாதான் நினைச்சிருப்பார். "நல்லவேளை மேடம். ஆனா உங்க ஸ்டடி போச்சே. பி பிளாக்ல எதைப் பார்த்தாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னுதானே கண்டிஷன்?"

ரெண்டடி தள்ளி அங்காளம்மாள் தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பாட்டிலைக் கீழே வச்சாங்க.

"இன்னா கண்டிஷன் சார்?"

ஃபிரெடி என்னைப் பார்த்தார். நான்தான் சொல்லணும். சொன்னேன். அந்தப் பக்கம் மாத்தினோம், இந்தப் பக்கம் மாத்தாம விட்டோம், இந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு பார்த்து எழுதினோம்னு சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வாய் கசந்துச்சு.

"அப்போ நாங்க விழுந்தா எழுதிக்கலாம்னு நின்னுகினு இருந்தியா?"

இத்தனை மாசத்துல அவங்க என்னை நீன்னு சொன்னது அன்னிக்குத்தான். "ஆமாக்கா"ன்னேன்.

திட்டுவாங்கன்னு பார்த்தேன். திட்டலை. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

"தெனம் மேல ஏறச்சொல்லோ உன் மூஞ்சியைத்தான் பார்ப்பேன். படிச்ச பொண்ணு, கீழ நின்னு எல்லாத்தையும் பார்த்துகினு கீது, ஒண்ணும் சொல்லல, அப்போ சரியாத்தான் கீதுன்னு ஏறிடுவேன்"ன்னாங்க. "மத்தவங்களையும் ஏறச் சொல்லுவேன். மேடமே பார்த்துடுச்சு, ஏறுங்கடின்னு."

எனக்குத் தலையில யாரோ ஓங்கி அடிச்ச மாதிரி இருந்துச்சு. தூண் பேசாதுன்னு சார் சொன்னாரே. முதல் நாள்லேர்ந்து அந்தத் தூண் தினமும் ஏறு ஏறுன்னு சொல்லிக்கிட்டுல்ல இருந்திருக்கு! நானோ, ஸ்டடியை இன்னிக்குக் கத்தித்தான் கெடுத்தேன்னு நினைச்சுட்டு இருக்கேன்.

அதுக்குள்ள சாரத்தைச் சரி பண்ணிட்டாங்க. ஃபிரெடி குழாயைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்துட்டு, "சரியாயிடுச்சு, ஏறலாம்"ன்னார். ஒருத்தரும் நகரலை. எல்லாரும் அங்காளம்மாளைப் பார்த்தாங்க. அங்காளம்மாள் என்னைப் பார்த்தாங்க.

நான் போய் மூலைக் குழாயைப் பார்த்தேன். அடிக்கட்டை, சுவர்க் கம்பி, பலகை, ஒவ்வொண்ணையும் தொட்டுப் பார்த்தேன். "சரியா இருக்குக்கா"ன்னேன். வாயைத் திறந்து, சத்தமாவே சொன்னேன்.

"சரி. அப்போ நீ மொதல்ல ஏறு"ன்னாங்க.

டேப்லெட்டை ஃபிரெடி கையில கொடுத்துட்டு, துப்பட்டாவை இடுப்புல கட்டிக்கிட்டு ஏறினேன். நாலாவது மாடி வரைக்கும் ஏறி, அந்த மூலைப் பலகையில போய் நின்னேன்.